வீரை மரத்துக்கு மேரி அக்கா விட்ட தண்ணீர்

மே மாத வெயிலில் வானூர் பக்கம் ஊர் சுற்றக் கிளம்புவதென்றால் கொஞ்சம் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்து எட்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு கோயில்காட்டில் நிற்கும் வீரை மரம் இலை வழியாக எவ்வளவு நீராவி விடுகிறது என்று வருஷா வருஷம் போய் அளக்கிறேன். நான் ஆராய்ச்சியாளர் எல்லாம் இல்லை, பள்ளிக்கூட அறிவியல் டீச்சர்.

காலை 5.40க்கு விழுப்புரத்தில் பஸ். ஒரு மணி நேரத்தில் திண்டிவனம். சுற்றுவழிதான், ஆனால் அங்கேதான் தெரிந்த நகைக்கடைக்காரர் சின்னத் தராசை இரவல் தருவார். பிறகு புதுச்சேரி பஸ், கடைசியில் 30 ரூபாய் ஷேர் ஆட்டோ.

ஒன்பது மணிக்கு ஒரு கிளையில் பாலித்தீன் பையைக் கட்டி, பன்னிரண்டுக்கு அவிழ்த்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை எடை போடுவேன். வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்து, போன வருஷம் பாதிதான். மரத்துக்கு வயசாகிவிட்டதா, மண் வறண்டுவிட்டதா? தெரியாமல் விடுவதில்லை என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

இந்த முறை முதல் வருஷ அளவுக்குத் தண்ணீர்! துள்ளிக் குதித்தேன். பக்கத்து நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கும் மேரி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், மரம் பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் அக்கா!"

"ஆவாதா பின்ன? போன வருஷம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போனீங்க. அதான் பத்து நாளா மோட்டார் தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி வுட்டுக்கினு இருக்கேன்."

அடக் கடவுளே! எட்டு வருஷ உழைப்பு போச்சே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, பையை மடித்து வைக்கத் திரும்பினேன்.

அன்று ஊர் திரும்பவில்லை. திண்டிவனத்தில் தங்கி, மறுநாள் அதே ஒன்பது மணிக்கு, தண்ணீர் பாயாத கோடியில் இருக்கும் இன்னொரு வீரையில் பையைக் கட்டினேன். பாதிகூட வரவில்லை. ஒரு தடவை அளந்ததை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் மரம் கிழடாகவில்லை, காய்ந்திருப்பது மண்தான் என்று முதல் தடவையாக நம்பத் தோன்றுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி கட்டாயம். காட்டுக்குள் செருப்பு போடக்கூடாது. கிளையை ஒடிக்கவே கூடாது. மாலை நான்குக்கு மேல் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.

கிளம்பும்போது அக்காவிடம் சொன்னேன்: "அடுத்த வருஷமும் இந்த மரத்துக்குத் தண்ணி விடுங்க. அந்தக் கோடி மரத்துக்கு மட்டும் ஒரு சொட்டுகூட வேணாம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்."

அக்கா அந்த மரத்தையே பார்த்தார். "அது மட்டும் இன்னா டீச்சர் பாவம் பண்ணுச்சு?"

ஆட்டோ வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.