இரண்டு ரிப்போர்ட்டும் என் அவசரத் தீர்ப்பும்

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். அதுவும் என் மனைவி மனோவின் விஷயத்தில்!

மனோவின் அக்கா கனடாவில் இருக்கிறார். மார்புப் புற்றுநோய் வந்து மீண்டவர். பரம்பரையாக வரும் ஒரு மரபணுப் பிழைதான் காரணம் என்று, அதன் பெயரையும் எழுத்தும் இலக்கமுமாக ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; அக்கா அதில் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். தங்கைக்கும் இருக்குமோ? மனோ இரத்தம் கொடுத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் ஈமெயிலில் வந்தது. டொக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைக்குத்தான் நம்பர் கிடைத்திருந்தது... அதுவரை என்னால் பொறுக்க முடியுமா?

நான் பதிவுக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவன். சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் — ஆள் வேறு, திருப்பி அனுப்பு! எத்தனை பேரை அலைக்கழித்திருப்பேன்... அதே கண்ணோடு இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிழையின் பெயரில் இருந்த இலக்கங்களே வேறு.

“மனோ, அக்காவின்ரை பிழை உமக்கில்லை. இது வேறை ஏதோ. ஆருக்குத்தான் ஒண்டும் இல்லை?”

மனோ நேரே பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

பின்னேரம் பக்கத்து வீட்டுத் துர்க்கா வந்தாள். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு, இதே மரபணு ரிப்போர்ட்டுகளுக்கான சொஃப்ட்வெயார் எழுதுகிற பிள்ளை. இரண்டையும் பெருமையாகக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

“அங்கிள், ரெண்டும் ஒண்டுதான். பிழை மரபணுவிலை எத்தினையாவது இடத்திலை எண்டதைத்தான் இந்த இலக்கம் சொல்லுது. கனடாவிலை அதைப் பழைய முறையிலை எண்ணியிருக்கினம், இங்கை புது முறையிலை. எண்ணத் தொடங்கிற இடம்தான் வேறை. எங்கடை சொஃப்ட்வெயாரே முதலிலை ரெண்டையும் ஒரே முறைக்கு மாத்திப்போட்டுத்தான் ஒப்பிடும்.”

மனோவை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

அவளோ, கண் கலங்கி நின்ற துர்க்காவிடம் தேத்தண்ணீரை நீட்டினாள். “அழாதை பிள்ளை. நோய் வந்திட்டுதெண்டு இல்லைத்தானே?”

“இல்லை அன்ரி. வரக்கூடும் எண்டுதான். முதலே தெரிஞ்சபடியால் கவனமாய் இருக்கலாம்.”

துர்க்கா போன பிறகு மனோ என் பக்கத்தில் வந்து இருந்தாள். “நீங்கள் நல்லதாய் இருக்கவேணும் எண்டுதானே பாத்தனீங்கள். விடுங்கோ.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எத்தனை வயதாக வேண்டும்?

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் ரிப்போர்ட்டை அவளே கொடுத்தாள். என்னிடம் தந்தது கையை மட்டும்தான் — பிடித்துக்கொள்ள.