ஈயக் கருவின் மூன்று வடிவங்கள்

"எந்த வடிவம் முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தித் தரவும். இல்லையெனில் இந்த இயலை நீக்க நேரும்." பதிப்புக் குழுவின் இந்தக் குறிப்பில் தேதி இல்லை. வந்து சேர்ந்தது ஐப்பசியின் கடைசி வெள்ளி என்று ஓரத்தில் நான் எழுதி வைத்தேன்.

இயல் என் தங்கையுடையது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். தமிழ்வழி மாணவர்களுக்கான பாடநூலுக்கு அவள் எழுதியது அந்த ஓர் இயல்தான். இரண்டு கோடை விடுமுறைகள் அதில் போயின. விழுப்புரத்தில் இருக்கும் நான் தமிழைப் பார்த்துக் கொடுப்பேன்.

ஞாயிறன்று திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு வரியைத் திருத்தி எடுத்துப் போயிருந்தேன்: "முதலில் உருண்டையாக இருக்கும் ஈய அணுக்கரு, பிறகு தட்டையாகி, இறுதியில் நீள்கிறது."

படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏண்ணா, இது என்ன கோலியனூர் ஏரியா? எந்த வருஷம் ரொம்புச்சு, எந்த வருஷம் வத்துச்சுன்னு எழுதறதுக்கு?"

"குழு வரிசைதானே கேக்குது?"

"வரிசை கேட்டா, நீ அதுக்குப் பொறந்த தேதியே போட்டுக்கினு வந்துட்ட!"

வரிசை காலத்தில் இல்லை, ஆற்றலில் என்றாள். எண்பத்திரண்டு புரோட்டான், நூற்று நான்கு நியூட்ரான் கொண்ட ஈயக் கரு அடிநிலையில் உருண்டை. சற்று மேலே, ஒன்றையொன்று நெருங்கி, இன்னும் இரண்டு நிலைகள்: ஒன்று பூசணி போல் தட்டை, மற்றது வெள்ளரி போல் நீளம். துகள்கள் அதே எண்ணிக்கைதான். நீண்ட கரு மொத்தமாகச் சுழலும். ஒவ்வொரு படியாக வேகம் குறையும்போது காமா கதிர் விடும். அந்தக் கதிர்களை அளந்துதான் வடிவத்தை ஊகிக்கிறார்கள். மொத்தமாகச் சுழல்வது மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. வளைவில் பஸ் திரும்பும்போது நிற்கும் அத்தனை பேரும் சேர்ந்து சாய்கிறோமே.

"அப்ப உருண்டை, தட்டை, நீளம்னு போட்டுடலாமே?"

அவள் மேசையிலிருந்த கட்டுரைகளை என் பக்கம் தள்ளினாள். பழைய கட்டுரைகள் சொல்வது அந்த வரிசைதான். அண்மையில் வந்த ஒன்று, மேலுள்ள இரண்டில் தாழ்ந்தது நீளம் என்கிறது.

"பழசையே போடும்மா. இயலாவது நிக்கும்."

"பசங்க பரீட்சையில அதையே எழுதுவாங்கண்ணா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு வேற சொல்லுவாங்க."

நீக்கினால் நீக்கட்டும் என்று எழுதினாள்: "மேலுள்ள இரண்டில் எது தாழ்ந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை." அன்றே அனுப்பிவிட்டாள்.

மார்கழியில் பதில் வந்தது. இயல் நிற்கிறது, அந்த வரியோடு.

புதிய கட்டுரையை நானும் வாங்கிப் பார்த்தேன். அதன் கணக்கு எனக்கு எட்டவில்லை. மேலுள்ள இரண்டு நிலைகளில் கீழ்ப்படியில் இருப்பது தட்டையா, நீளமா என்பதை இன்றுவரை நான் சரிபார்க்கவில்லை.