உப்பள வரப்பில் ட்ரெக்கிங்

வேனில் ஏற்றி ஊரைக் காட்டும் வேலையும் காலால் நடத்தி இயற்கையைக் காட்டும் வேலையும் ஒருவன் தலையிலேயே விழுந்தால், வேனை விட்டு இறங்காதவர்களையும் வேனுக்குத் திரும்பாதவர்களையும் அவன் ஒன்றாகக் கட்டி மேய்க்க வேண்டும். உழைக்கும் வழிகாட்டிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் பள்ளியில் படித்தது குறைவு. துண்டறிக்கைகளில் படித்தது அதிகம். மரக்காணம் உப்பளப் பெண்கள் மதிய வெயிலில் ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டும் என்று சங்க மேடைகளில் தொண்டை கிழிய முழங்கியவன். கொட்டகை வரவில்லை, முதுமை வந்தது. இப்போது ஈசிஆர் ஓரத்து விடுதி ஒன்றில் வழிகாட்டி. காலையில் வேனில் இடிந்த கோட்டை, பிறகு உப்பள வரப்பில் நடை, முடிவில் ஏரிக்கரையில் பூநாரை. அந்த நடைக்கு விடுதி வைத்த பெயர் ட்ரெக்கிங். நடப்பவர்கள் இளைப்பாற, பாதி வழியில் ஒரு கீற்றுக் கொட்டகையை ஒரே வாரத்தில் போட்டார்கள். நான் கேட்ட அதே கொட்டகை. முகப்பில் ஒரு பலகை: 'விருந்தினருக்கு மட்டும்'. அதை இறக்காமல் இந்த வேலையை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

மலை எங்கே

சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல், முதுகில் பெரிய பை, கணுக்காலை மூடிய பூட்ஸ். வேனை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை தட்டை. வெயிலில் பாத்திகள் மின்னின. உயரமாக இருந்தது ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல் ஒன்றுதான்.

மக்களிடம் உண்மையை மறைத்துப் பழக்கமில்லாதவன் நான். இங்கே மலை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தக் குவியலையே வெகு நேரம் பார்த்தார்.

"சரி, அதுலயாவது ஏறலாமா? வீட்ல ட்ரெக்கிங் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பூட்ஸ்

அதே மனிதர் குறுக்கு வழி என்று பாத்திக்குள் கால் வைக்கப் போனார். ஆரோக்கியமேரி உப்பு வாரும் பலகையைக் குறுக்கே நீட்டி மறித்தாள். அங்கே வேலை செய்யும் பெண்களில் வாய் பெரியவள். என் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து, என் பேச்சு முடிவதற்குள் தவறாமல் தூங்கியவள். பருவம் தொடங்குமுன் பெண்கள் வரிசையாக நின்று நாள்கணக்கில் வெறுங்காலால் மிதித்துத்தான் பாத்தித் தரையை இறுக்குவார்கள். அதில் பூட்ஸ் அச்சு விழுந்தால் உப்போடு மண்ணும் வரும்.

"நீங்களும்தானே மிதிக்கிறீங்க?" என்று அவர் கேட்டார்.

"நாங்க மிதிச்சா தரைங்க. நீங்க மிதிச்சா சேறுங்க."

உரை

ஒருநாள் வரப்பின் மேல் நின்று கூலி, வெயில், கண் எரிச்சல், காலில் ஆறாத புண் எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. விருந்தினர் அசையாமல் கேட்டார்கள். ஒரு குடும்பத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரட்சி இல்லாவிட்டாலும் ஒரு கண்டனமாவது வரும் என்று காத்திருந்தேன். அவர் என் காதருகே வந்தார்.

"ரொம்ப டச்சிங்கா இருந்துது சார். இது பேக்கேஜ்லயே வருதா, தனியா சார்ஜ் பண்ணுவீங்களா?"

கொட்டகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் கொட்டகையை அடைந்தோம். உள்ளே பெஞ்சுகள் காலி. வெளியே ஆரோக்கியமேரியும் மற்ற பெண்களும் உப்புக் குவியல் ஓரத்தில், முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழையவில்லை. "இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று இந்தக் கொட்டகை, இன்னொன்று இதற்குள் வரக்கூடாதவர்கள்" என்று விளக்கி, வெயிலிலேயே நின்றேன். வழிகாட்டி நின்றால் விருந்தினரும் நிற்க வேண்டும். இப்படியாக, அறியாமலே அவர்கள் ஒரு போராட்டத்தில் கலந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரம் தாங்கினார்கள். பிறகு ஒரு பருத்த அம்மாள், "அவங்களையும் கூப்பிடுங்களேன், எல்லாரும் குந்தலாம்" என்றார். பெண்கள் உள்ளே வந்தார்கள். உடனே செல்போன்கள் எழுந்தன. தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். இளநீர் கொண்டுவந்த விடுதி மேனேஜர் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். என் வேலை போயிற்று என்று நிமிர்ந்து நின்றேன். சிறைக்கு அஞ்சாதவன் சீட்டுக் கிழிவதற்கா அஞ்சுவேன்?

"அங்கிள், சூப்பர் ஐடியா. கெஸ்ட் வர்றப்பல்லாம் இவங்க இங்க உக்காந்திருக்கட்டும்" என்றார் அவர்.

ஆரோக்கியமேரி பெஞ்சில் காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"குந்துறோம் தம்பி. ஆனா வேன் வராத நாள்லயும் வெயில் வருது. அந்தப் பலகையக் கழட்டிட்டுப் போ."

கழற்றிக்கொண்டு போனார்.

ஆயுளெல்லாம் முழங்கியும் கிடைக்காத நிழலை ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்ஃபி வாங்கிக் கொடுத்துவிட்டது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், மன்னிக்கத்தான் முடியவில்லை.