பன்னெண்டு மணிக்கு எழுந்துக்குற காலு

என் பம்பை மேல கை வெச்சி சொல்றேன், இதுல ஒரு வார்த்த பொய் இல்ல. மேளக்காரன் பொழப்பு இன்னான்னா, சாவோ திருவிழாவோ, சோறு போட மறந்தாலும் மறப்பாங்க, சரக்கு குடுக்க மறக்கமாட்டாங்க. என்ன மாதிரி குடிய விட்டுட்டு அல்லாடுறவங்களுக்கு அது தெரியும். நான் விட்டு எட்டு மாசம் ஆவுது. செஞ்சியில மத்தியானம் பன்னெண்டு மணிக்கு சரக்கு கடை தொறந்தா, நான் உக்காந்திருந்தாலும் என் காலு எழுந்துக்குது. அந்த ஒரு மணி நேரத்த தாண்டிட்டா அன்னிக்கு பொழச்சேன். அதுக்குன்னே ஒரு பாட்டு கட்டுனேன். "காலே காலே எங்க போற, என்ன உட்டுட்டு எங்க போற"ன்னு காலுகிட்டயே கேக்குற பாட்டு. ஊரே பாடும்னு நெனச்சேன்.

கூழ் ஊத்துன ஊர்ல

ஆடி மாசம். அம்மனுக்கு நாலு பாட்டு பாடிட்டு, நைசா என் பாட்ட எடுத்து உட்டேன். கூட அடிக்கிற சேகரு மொறச்சான். அவன் அப்ப நல்லா ஊத்திக்கினு இருந்தான். சரக்கு இல்லாம எனக்கு தொண்டயே வராதுன்னு ஊரெல்லாம் சொன்னவன் அவன்தான்.

ஆனா பசங்க ஆடுனாங்க பாருங்க. வார்த்தய எவனும் கேக்கல, அடிய மட்டும் கேட்டான். முடிச்சதும் ஒருத்தன் வந்து கட்டிப் புடிச்சிக்கினான், கண்ணுல தண்ணி. சரி, ஒருத்தனாச்சும் திருந்திட்டான்னு முதுவ தட்டிக் குடுத்தேன்.

"அண்ணே, உன் பாட்ட கேட்டா இன்னொரு ரவுண்டு போவணும்போல இருக்குதுண்ணே."

தளவானூர் பக்கம் ஒரு சாவு

பாடைய எடுக்குறதுக்கு முன்னாடி செத்தவரு புள்ள தட்ட நீட்டுனாரு. வெத்தல பாக்கு, ஆளுக்கு ஒரு குவார்ட்டரு. வேணாம்னேன். "எங்க நைனா சாவுன்னா உனக்கு எளப்பமா?"ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. வாங்கி இடுப்புல சொருவிக்கினேன்.

சுடுகாடு வரைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பாட்டிலு எலும்புல இடிக்குது. ரெண்டு தடவ மூடிய தொட்டுட்டேன். இனிமே தாங்காதுன்னு, யாரும் பாக்காதப்போ குழிக்குள்ள பெரியவரு பக்கத்துல வெச்சி, "நீயே வெச்சிக்க சாமி"ன்னு கும்புட்டேன். மண்ணு தள்ள வந்தவரு எட்டிப் பாத்தாரு.

"யோவ், ஆயுசுக்கும் அத மோந்துகூட பாக்காத மனுசன்யா இவரு."

வீட்டு செக்போஸ்ட்டு

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு போறேன், சட்ட பூரா சரக்கு நாத்தம். மத்தவங்க சிந்துனது. எம் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்தி வாய ஊத சொல்லுச்சி. ஊதுனேன். இன்னொரு வாட்டி ஊத சொல்லுச்சி. அப்பவும் நம்பல. குடிச்சிருந்தா எனக்கு வரி மறந்துபூடும், அதனால பாட்ட பாட சொல்லுச்சி. தெருவே பாக்க முழுசா பாடுனேன்.

"குடிச்சப்பதான்யா உன் தொண்ட நல்லா இருந்துச்சி. சரி, உள்ள வா."

பஸ் ஸ்டாண்டுல

போன மாசம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில காலு நிக்காம நடந்துக்கினு இருந்தேன். பன்னெண்டு ஆவ ரெண்டு நிமிசம். சேகரு வந்தான். மொகம் வீங்கி இருக்குது. "மூணு நாளா தொடலண்ணே. காலு இழுக்குது. அந்த பாட்ட பாடேன்"னான்.

கட்டுனதுலேர்ந்து மொத மொதல்ல ஒருத்தன் ஆசப்பட்டு கேட்டு பாடுறேன். பெஞ்சிய தட்டிக்கினே பாடுனேன். திண்டிவனம் பஸ்சு போச்சி, திருவண்ணாமல பஸ்சு போச்சி, பாட்டு முடிஞ்சிது. சேகரு காலு மட்டும் இன்னும் ஆடிக்கினே இருந்துச்சி.

"இவ்ளோதானா? ஒரு மணி ஆவ இன்னும் எவ்ளோ நேரம் இருக்குது, நீட்டி பாடுண்ணே."

ஆக, ஊரே காதுல வாங்காத பாட்டுக்கு இப்ப பதினேழு சரணம் ஆயிடுச்சி, எல்லாம் ஒரே ஆளுக்கோசரம். இவ்ளோ நேரம் ஓசியில கேட்டீங்க இல்ல, ரெண்டு டீக்கு காசு எடுங்க, பன்னெண்டு ஆவப்போவுது, சேகரு வந்துருவான்.