ஏறிய பதிப்பு இறங்காது

அலுவலகத்தில் அவளை மாடிப்படி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில் படிக்கட்டு தவிர வேறெதையும் அவளுக்கு வரையக் கொடுக்கவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு மருத்துவமனையே அவள் கையில் இருந்தது. கையில் என்ன, கழுத்தில் என்றே சொல்லலாம்.

கம்ப்யூட்டருக்குள் நிற்கிற மருத்துவமனை அது. சுவர், கதவு, படி எல்லாவற்றையும் அவள் உள்ளே எழுப்பி வைப்பாள். இன்னொரு ஆபீஸில் இருக்கும் குழாய்க்காரர் அதை எடுத்துத் தன் குழாய்களை அதற்குள் ஓட்டுவார். இருவரிடமும் ஒரே வருஷத்து சாஃப்ட்வேர் இருந்தால்தான் இது நடக்கும். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்துவிட்டால் போச்சு. பழைய பதிப்பில் அது திறக்காது. பழையபடி மாற்றவும் வழியில்லை. குழாய் ஆபீஸில் பழையதுதான் இருந்தது. ஆகவே கட்டடம் முடியும்வரை பழையதிலேயே இருப்போம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டது எல்லாரும். அதிலேயே உட்கார்ந்தது அவளும், கதவு ஜன்னல் வரையும், அவள் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்ணும் மட்டும்.

கூடச் சேர்ந்தவர்கள் புதிய வேலை, புதிய பதிப்பு என்று ஜன்னலோர மேசைகளுக்குப் போய்விட்டார்கள். இவள் மேசை தூணுக்குப் பின்னால். மருத்துவமனைக்காரர்களோ இந்த அறையை இடி, அந்த வார்டை நீட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தங்கச்சியும் பிரசவ விடுப்பில் போன பிறகு, பேச்சுத் துணைக்குத் தூண்தான்.

ஒருநாள் மேலாளர் வந்து நின்றார். "பள்ளிக்கூட வேலை ஒண்ணு வருதும்மா. புதுப் பதிப்பைப் பழகிக்கோங்க. மாசக் கடைசியில உங்களை அங்க மாத்திடறேன்."

அன்றே புதியதையும் அவள் மிஷினில் ஏற்றினார்கள். வீட்டில் சொன்னபோது, பஸ் ஓட்டும் கணவர் சிரித்தார். "நானும்தான் இத்தனை வருஷமா ஒரே ரோட்டுல ஓட்டறேன். ஆனா எனக்கு ரிவர்ஸ் கியர் இருக்கு."

மறுநாள் காலை. எப்போதும்போல மருத்துவமனைக் கோப்பின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். முன்பெல்லாம் மிஷினில் பழையது மட்டும் இருந்தது. எதில் திறக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. இப்போது கோப்பு தானாகப் புதியதைத் தேடிக்கொண்டு போனது. ஏதோ அறிவிப்பு வந்தது. தினமும் வருகிற ஒன்று என்று நினைத்துச் சரி கொடுத்தாள். திறக்க நேரம் பிடித்தது. சும்மா இருக்கிற நேரத்தில் கடவுளை நினைப்பது அவள் வழக்கம். கண்ணை மூடி, பள்ளிக்கூட வேலை தனக்கே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பிறகு ஒரு கைப்பிடியை நகர்த்தினாள். சேமித்தாள். டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் குழாய்க்காரர். "உங்க ஆஸ்பத்திரி என்னை உள்ளயே விடமாட்டேங்குது. புதுசு வேணுமாம்."

அவள் பழைய நகலைத் தேடினாள். சர்வரில் தினமும் எடுக்க வேண்டிய நகல் இடம் போதாமல் எப்போதோ நின்று போயிருந்தது; அதுவும் அன்றுதான் தெரிந்தது. தன் மிஷினில் உள்ள பிரதியை அவள் மாலைதோறும் அழித்துவிடுவாள். பழைய பிரதியில் யாரும் தப்பாக வேலை செய்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

"யாரு திறந்தது?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. தங்கச்சியின் மிஷினை நினைவுபடுத்தியதும் அவர்தான். தூசு துடைத்துத் திறந்தார்கள். தங்கச்சி தன் பிரதியை அழிக்காமல் போயிருந்தாள்; அவள் விடுப்பில் போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, பழைய பதிப்பில், மருத்துவமனை உள்ளே நின்றது. அதற்குப் பிறகு வரைந்தவை மட்டும் இல்லை. முக்கியமாக, பின்பக்கத்து அவசர வழிப் படிக்கட்டு.

"கடவுள் காப்பாத்தினாரு" என்றார் மேலாளர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் புதுசு உங்க மிஷின்ல இருக்க வேண்டாம்மா. மறுபடி இப்படி ஆச்சுன்னா தாங்காது" என்றார்.

"அப்போ பள்ளிக்கூடம், சார்?"

"இது முடியட்டும்."

எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது. புதிய பதிப்பைத் தன் கையாலேயே நீக்கினாள். நிச்சயமாகவா என்று மிஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

மதியம் குழாய்க்காரர் மறுபடி அழைத்தார். "இப்போ திறக்குதுக்கா. ஆனா பின்னாடி படியக் காணோமே. தீப்பிடிச்சா உள்ள இருக்கறவங்க எப்படி வெளிய வர்றது?"

"வரையறேன் தம்பி. இன்னும் யாரும் குடி வரலையே."

"நீங்க இருக்கீங்களே, அக்கா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்ததும் நின்றுவிட்டது. தூண் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடவுளை நினைத்து, தரையிலிருந்து முதல் படியை வைத்தாள்.