முற்றத்தில் கவிழ்த்த பஞ்சாரம்

மார்கழிப் பனியில் கோழிக்குஞ்சுகளை முற்றத்தில் வைத்து வளர்க்கிறவர்கள் எங்கள் பாறசாலைப் பக்கத்தில் யாரும் கிடையாது. பொரித்த கையோடு தாயையும் குஞ்சுகளையும் அடுக்களை மூலையில் சேர்த்துவிடுவார்கள். அடுப்புச் சூட்டில் அவை தேறிவிடும். அம்மாவுக்கும் அது தெரியாததல்ல. ஆனாலும் அந்த வருஷம் அவள் குஞ்சுகளை வெளியேதான் வைத்திருந்தாள்.

காரணம் அப்பா. உதியன்குளங்கரைச் சந்திப்பில் தையல் கடை வைத்திருந்தார். மாநில எல்லைகள் பிரிபடாத அந்த நாளில், எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் அவரும் ஒருவர். சத்தமாகப் பேசவே தெரியாத மனிதர். ஊர்வலத்திலும் வெறுமனே வாயசைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். போலீசுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. வீடு வீடாகத் தேடத் தொடங்கியதும் அவர் விளவங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார்.

போகுமுன் ஓர் அடையாளம் சொல்லிவிட்டுப் போனார். கோழிகளை மூடுகிற பெரிய மூங்கில் கூடை, பஞ்சாரம், முற்றத்தில் கவிழ்ந்திருந்தால் அவர் வரலாம். பலாமரக் கொம்பில் தொங்கினால் போலீஸ் வந்திருக்கிறது, வரக்கூடாது. மரச்சீனித் தோட்டத்துக்கு அப்பால், மரவள்ளிச் செடிகளின் மறைவில் நின்றாலே எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும்.

வெறும் பஞ்சாரம் இரவும் பகலும் முற்றத்தில் கிடந்தால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வருமே. அதனால் அதற்குள் கோழியும் குஞ்சுகளும் இருந்தாக வேண்டியிருந்தது.

அயல்வீட்டு மாமிக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"மக்கா, உனக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா? இந்தப் பனியில சின்னக் குஞ்சுவள வெளியே போட்டிருக்கியே. அடுக்களைக்குக் கொண்டு போ."

"செள்ளு உண்டு மாமி," என்றாள் அம்மா. "கைப்பிள்ளை கிடக்குத வீடாக்கும். உள்ள ஏத்த முடியாது."

கைப்பிள்ளை என் தம்பி. கோழிப்பூச்சிக்குப் பயந்து மாமியும் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள். பஞ்சாரத்தின் மேல் சாக்கு விரித்தாள். உடைந்த சட்டியில் சிரட்டைக் கனல் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். அப்படியும் காலையில் சாக்கை விலக்கினால் ஏதாவது ஒரு குஞ்சு விறைத்துக் கிடக்கும். நான் அழுவேன். "அப்பா வரண்டாமா பிள்ளே?" என்று ஒரே கேள்வி கேட்டு என் வாயை அடைத்துவிடுவாள்.

ஒருமுறை போலீஸ் வந்தது. பூட்ஸ் சத்தம் கேட்ட உடனே அம்மா பஞ்சாரத்தைத் தூக்கிக் கொம்பில் மாட்டினாள். அவர்கள் வீட்டைக் கலைத்துப் போடுகிறவரைக்கும் குஞ்சுகள் முற்றமெங்கும் சிதறி ஓடின. அவர்கள் ரோட்டு வளைவைத் தாண்டியதும் குஞ்சுகளைப் பொறுக்கிச் சேர்த்து மறுபடி கவிழ்த்தாள். அடையாளம் நல்ல அடையாளம்தான்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு விடியற்காலையில் தாய்க்கோழியே சரிந்து கிடந்தது. மிச்சமிருந்த குஞ்சுகள் அதன் செத்த சிறகுக்குள் நுழைந்து நடுங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அம்மா உடைந்துபோனாள். குஞ்சுகளை மடியில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். என்னை அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கோழியைப் புதைத்தாள். எச்சமும் பனியுமாக இருந்த பஞ்சாரத்தைக் கிணற்றடியில் கழுவினாள். கழுவிய பஞ்சாரத்தை எந்தப் பெண்ணும் மண்ணில் வைப்பதில்லை, உயரே மாட்டித்தான் காயவைப்பாள். அம்மாவின் கையும் எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அதையே செய்தது.

அடுப்படியில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன, குருணை கொத்தின. அம்மா சிரித்துக்கூட நான் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகுதான் அவள் வெளியே வந்து பலாமரத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பஞ்சாரத்தை இறக்கிக் கவிழ்த்தாள். "கொஞ்ச நேரந்தானே, கொஞ்ச நேரந்தானே," என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, அப்பா ஒளிந்திருந்த வீட்டுக்காரர், அவருடைய சித்தப்பா மகன், வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அண்ணனுக்குக் கடுத்த காய்ச்சல் மதினி. வீட்டில போய்க் கிடக்கணும்னு ஒரே பிடிவாதம். நான்தான் பனியில தாங்கிக் கூட்டிட்டு வந்தேன். மரச்சீனிக்கு அப்பால வரை வந்தாச்சு. பஞ்சாரம் தொங்குனதைப் பாத்தாரு. போலீஸ் உண்டு, அவளுக்குத் தொந்தரவு வேண்டாம், திரும்பலாம்னு சொல்லிட்டாரு."

திரும்பி நடந்த வழியில் காய்ச்சல் ஜன்னியாகியிருக்கிறது. அப்பா பிழைக்கவில்லை. போலீசுக்குப் பயந்து எங்களுக்குச் சொல்லி அனுப்பாமலே விளவங்கோட்டிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "குஞ்சுவளுக்குக் குளிருதுன்னுதான் எடுத்தேன்னு அவருக்குத் தெரியாதே?"

பிறகு மாநில எல்லை போட்டார்கள். அப்பாவின் கல்லறை அவர் ஆசைப்பட்டபடியே தமிழ்நாட்டில் சேர்ந்தது. நாங்கள் கேரளத்தில் கிடந்தோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு யார்மேல் என்று தெரியாத கோபம் வருகிறது.

பிழைத்த குஞ்சுகளை அம்மா மாமியிடம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோழி கிடையாது. பஞ்சாரம் மட்டும் முற்றத்தில் கவிழ்ந்தே கிடந்தது. மழையில் அது மக்கிப்போனபோது அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு காட்டாக்கடைச் சந்தைக்குப் போனாள்.

"எத்தனை கோழி உண்டு அக்கா?" என்று கூடைக்காரர் கேட்டார், அளவு பார்த்துக் கொடுக்க.

"கோழி இல்லை," என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் புதுப் பஞ்சாரத்தை முற்றத்தில் கவிழ்த்தாள். மரச்சீனித் தோட்டம் வரை நடந்துபோய் அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். வந்து அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.