சத்தம் நீக்கப்பட்ட யோகா வீடியோ

மாமிக்கு எலும்பு மெலிந்துபோகும் வருத்தம், ஒஸ்டியோபொரோசிஸ். இன்று காலை கல்முனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். முதுகெலும்பு நெரிந்திருக்கிறது.

“விழுந்தீங்களா?” என்று கேட்டார் லேடி டொக்டர்.

“இல்ல மகள். எங்கட பொம்புளைகள்ட வட்ஸ்அப் குறூப்புல எலும்புக்கு யோகா என்டு ஒரு வீடியோ வந்த. அதப் பாத்துக் குனிஞ்சி கால் விரலத் தொட்டன். முதுகுல டக்கென்டு சத்தம் கேட்ட.”

நானும் அந்தக் குறூப்பில் இருப்பதால் வீடியோவைக் காட்டினேன். சத்தமே இல்லை. பின்னணியில் இசை இருக்கிறது, அது மார்க்கத்துக்கு ஆகாதென்று அட்மின் ராத்தா சத்தத்தை எடுத்துவிட்டுத்தான் போட்டிருந்தார்.

யூடியூபில் தேடி, சத்தத்தோடு கேட்டோம். யோகா ஆசிரியை முன்னால் குனிந்து காட்டியபடியே சொல்கிறார்: “எலும்பு மெலிந்தவர்கள் இப்படி ஒருபோதும் செய்யக் கூடாது.”

மாமி கண்ணை மூடிக்கொண்டார். இனி நிமிர்ந்து நடப்பாரா என்று கேட்டேன். டொக்டர் மாமியை வார்டில் சேர்க்கத் துண்டு எழுதினார்.

வார்ட் வாசலில் நின்றபடியே, நடந்ததைக் கீழே எழுதி, அசல் வீடியோவைக் குறூப்பில் போட்டேன். ராத்தா உடனே அழித்துவிட்டார்.

“மியூசிக் இருக்கு தங்கச்சி, பிழையா நினைக்காதீங்க. மாமிக்கு துஆ செய்றம்.”

சத்தமில்லாத வீடியோ இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழே வரிசையாக “மாஷா அல்லாஹ்”.

உங்கள் குறூப்பிலும் கிடக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.